இடது பக்கம் நிற்பவள்

செங்கல்பட்டு
9 மார்ச் 2025

ஹெலன்,

நீ என் முகத்தை விற்றுவிட்டாய்.

அக்கா என்று தொடங்க வரவில்லை, விட்டுவிட்டேன். ஃபோனில் உன்னை பிளாக் செய்தாகிவிட்டது. அதில் எழுதினால் அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவாய். தாளில் எழுதினால் படித்துத்தான் தீர வேண்டும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒரு முறையும் கேட்டதில்லை. சொல்கிறேன். சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, கம்பெனி பஸ் பிடித்துப் போகிற ஒரு கிடங்கு. ஆன்லைனில் வாங்கிய துணியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று மக்கள் திருப்பி அனுப்புவார்கள் இல்லையா, அதெல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். பையைக் கிழித்து, துணியை விரித்து, முகர்ந்து பார்ப்போம். ஆமாம், மூக்கை வைத்து. கக்கத்தில் உப்புக்கோடு இருக்கிறதா, காலரில் பவுடர் அப்பியிருக்கிறதா, வாந்தி எடுத்துத் துடைத்திருக்கிறார்களா என்று பார்ப்போம். பல பேர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், பிரியாணிக் கை துடைத்து, மறுநாள் விலைச்சீட்டைத் திரும்பக் கோத்து அனுப்புகிறார்கள். தேறுகிற துணியை ஆவியில் காட்டி, சென்ட் அடித்து, புதுப் பையில் போட்டு, இன்னொருத்திக்குப் புதுசு என்று அனுப்புவோம். எங்கள் பகுதிக்கு ரிஃப்ரெஷ் என்று பெயர்.

இந்த மாதம் முதல் ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச்சீட்டு வைக்கச் சொன்னார்கள். கட்டைப் பிரித்தது ஷரீபுன்னிசா. என் பக்கத்து மேஜைக்காரி, பஜாரில் வளையல் கடை வைத்திருப்பவரின் மகள்.

"ஏ ரூத்து, இங்க வா. இது நீதானே? உன் மூக்கு, உன் கம்மலு."

"இன்னாடி சொல்ற?"

"அட, பாரு. பக்கத்துல கீறதும் நீயேவா? அல்லாவே, எப்போ இப்டி வெள்ளையான?"

மேலே 'வசந்தம் வந்தாச்சு, அலமாரியைப் புதுசாக்குங்க! ஹெலனின் எட்டு ஃபேவரிட்' என்று போட்டிருக்கிறது. வசந்தமாம். மாசி முடிவதற்குள் இங்கே தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. வெளிர்பச்சை லினன் சட்டை, அகல ஓரத் தொப்பி, முத்துக் கம்மல், வெள்ளை ஷூ என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் முகத்துக்கு ஒரு கிரீம். அந்தக் கிரீமுக்குத்தான் நம் ஈஸ்டர் படம்.

வருஷா வருஷம் அம்மா ஒரே துணியாக எடுத்து ஏசுபாதம் அண்ணனிடம் கொடுத்து, நம் இருவருக்கும் ஒரே மாதிரி தைத்து, சர்ச் வாசலில் நிற்க வைத்து எடுக்கிற படம். இது மஞ்சள் பூப்போட்ட துணி எடுத்த வருஷத்தது. இடது பக்கம் நான். ஷிஃப்ட் முடித்து நேராக வந்து நின்ற, எண்ணெய் வழிகிற முகம். வெயிலுக்குக் கண் சுருங்கியிருக்கிறது. அதன் கீழே 'முன்பு'. வலது பக்கம் நீ. அதன் கீழே 'பின்பு'. நடுவில் ஒரு கோடு. அன்றைக்கு நீ என் தோளில் கை போட்டிருந்தாய். கோடு போட்டவன் அந்தக் கையை வெட்டிவிட்டான். விரல்களை மட்டும் வெட்ட மறந்துவிட்டான். உற்றுப் பார், என் தோளில் இன்னும் இருக்கின்றன.

என் முகத்தை எடுக்கச் சொல். வேறு எதுவும் வேண்டாம்.

ரூத்

—

கோவளம்
14 மார்ச் 2025

ரூத்தும்மா,

எனக்கு வருவதெல்லாம் பார்சல்தான். கையால் முகவரி எழுதிய உறையைப் பார்த்துத் தபால்காரரே, "இன்னா மேடம், கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். படித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதுதான்.

முதலில் நடந்ததைக் கேள். எட்டுத் தேர்வில் ஒன்றாக 'அக்கா தங்கை ஜோடி உடை' என்று நான்தான் யோசனை சொன்னேன். அதற்கு மாதிரியாக நம் ஈஸ்டர் படத்தை அனுப்பினேன், பக்கத்தில் நிற்பது யார் என்று எழுதவில்லை. ஆசையாகத்தான் அனுப்பினேன் ரூத். கம்பெனி பக்கம் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் பாலா. அவர் அதை டிசைன் செய்பவனுக்கு அனுப்பினார். அவன் பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறான். ஒரே துணி, ஒரே காலர், ஒரே மூக்கு, ஒரே உயரம். ஒரே பெண்ணின் இரண்டு படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். இரண்டு பெண்கள் ஒரே துணியில் தைத்துப் போடுவார்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஜோடி உடையை எடுத்துவிட்டுக் கிரீமைப் போட்டுவிட்டார்கள். என் கைக்கு வரும்போது அச்சாகிவிட்டது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

இப்போது நிறுத்தச் சொன்னால் எல்லாவற்றையும் திரும்ப அச்சடிக்க வேண்டும். அந்தக் கோபம் என் தலையில் விழும். மாமல்லபுரத்தில் இந்தக் கம்பெனிக்காரர்கள் ஷோரூம் திறக்கப் போகிறார்கள். அதற்கு என்னைத்தான் முகமாக வைப்பதாகப் பேச்சு. சிறுசேரி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இந்த வீடியோக்களை நம்பி வந்தவள் நான். கொஞ்சம் பொறு. ஒரு சீசன்தான். வெயில் ஏறினால் வசந்தத்தைத் தூக்கிவிட்டு சம்மர் என்று வேறு போடுவார்கள். படம் தானாகப் போய்விடும்.

உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அந்த வெளிர்பச்சை லினன் சட்டை, வெயிலுக்குப் பூசுகிற கிரீம், ஒரு லிப்ஸ்டிக். செங்கல் நிறம். உன் நிறத்துக்கு அது எடுப்பாக இருக்கும், நிஜமாகவே. என்னிடம் இருக்கிறதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

பிளாக்கை எடு. அம்மாவிடம் சொல்லாதே.

உன் அக்கா
ஹெலன்

—

செங்கல்பட்டு
20 மார்ச் 2025

ஹெலன்,

சட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். நீ அதைப் போட்டுவிட்டுத்தான் அனுப்பினாய். பையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. கடற்கரையில் நின்று எடுத்த வீடியோவில் போட்டது. காலரின் உள்பக்கம் முகப்பூச்சு வட்டமாக அப்பியிருக்கிறது. உன் கழுத்தும் எனக்குத் தெரியும், அந்தப் பூச்சும் தெரியும். இரண்டும் ஒரே நிறம் இல்லை. 'பின்பு' என்று போட்ட உன் முகமே பூசிய முகம்தான். இதில் கிரீம் எங்கே வந்தது? வியர்வையும் சென்ட்டும் பவுடரும் கலந்து ஒரு புளித்த வாடை. நாள் முழுக்க அதைத்தான் முகர்கிறேன், வீட்டுக்கும் அதையே அனுப்பினாயே.

பெங்களூர்க்காரன் தப்புச் செய்தான் என்று எழுதியிருந்தாய். தோளில் கிடந்த கையை அவன் பார்க்கவில்லையா என்று தோன்றியும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஷரீபுன்னிசா அவள் ஃபோனில் உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் காட்டும் வரை. கீழே எவளோ கேட்டிருக்கிறாள், 'அது உங்க தங்கச்சியா?' என்று. நீ பதில் போட்டிருக்கிறாய்: 'இல்லப்பா, நானேதான், ரெண்டு வருஷத்துக்கு முன்ன.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை.

இதையும் பெங்களூர்க்காரன் எழுதினானா?

மாமல்லபுரம் ஷோரூமில் கவுண்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நானும் எழுதிப் போட்டிருந்தேன். உனக்கு அது தெரியாது. அந்த மேஜையை விட்டு எழுந்து, ஏசி அறையில் நின்று, புதுத்துணியின் வாசனையைப் புதுத்துணியிலேயே முகர வேண்டும் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான். கூப்பிட்டார்கள். போனேன். கேள்வி கேட்ட அம்மாள் என்னைப் பார்த்தாள், மேஜையில் இருந்த சீட்டைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "நீங்க பிஃபோர் இல்ல?" என்றாள். பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான். அப்புறம் நல்ல விதமாகத்தான் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதம்மா. கிரீம் விக்கிற கவுண்டர்ல உன்ன நிறுத்தினா, கஸ்டமர் இன்னா நினைப்பாங்க?"

இப்போது கிடங்கில் எனக்குப் பெயரே பிஃபோர்தான். "பிஃபோரு, ஒரு டீ சொல்லேன்." "பிஃபோரு, ஆஃப்டர் எப்போ வர்றாங்க?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அடிக்கவும் முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அதே படத்தைப் பெரிய பேனராகக் கட்டிவிட்டார்கள். அம்மா தன் கேன்டீன் வேலையை முடித்து வரும்போது பார்த்திருக்கிறாள். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. ஓடி வந்து, "ரூத்து, உன்னையும் அவளையும் ஜோடியா போட்டுகிறாங்கடி, பஸ்ஸ்டாண்டுல! ஈஸ்டர் துணில!" என்றாள். சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். படிக்கத் தெரிந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள். அதன் அடியில் உட்கார்ந்துதான் நான் சோறு தின்கிறேன்.

எல்லாவற்றையும் விட அருவருப்பானது ஒன்று உண்டு. அந்த இன்டர்வியூவுக்குப் போய் வந்த அன்று நான் முகத்தைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். கன்னம் எரிந்தது. அதன் பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. உன் சீட்டு என் கைக்குள் வந்து வேலை செய்திருக்கிறது.

எடுத்தால் மட்டும் இப்போது போதாது. உன் பக்கத்தில் நீயே வந்து நின்று சொல்: அது நான் இல்லை, என் தங்கை, அவள் கிரீம் எதுவும் போட்டதில்லை, நானும் போட்டதில்லை.

உன் எட்டுத் தேர்வைச் சொன்னாயே, எங்கள் தெருவின் தேர்வையும் கேள். வெயில் காலத்துக்கு நைட்டி, வெளியே போனால் அதன் மேல் ஒரு துண்டு. கிடங்குக்கு அரக்கு நிற மேல்கோட்டு, தலைக்கு வலை. ஃபேவரிட் எல்லாம் இல்லை. இருப்பது அதுதான்.

ரூத்

—

கோவளம்
27 மார்ச் 2025

ரூத்,

இதை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முன்னால் எழுதியதெல்லாம் விளம்பரம் மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன்.

ஆமாம், அந்தப் பதிலை நான்தான் போட்டேன். பாலா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் சொல்லிப் போட்டேன் என்று எழுதலாம். அது பொய். அவர் சொல்வதற்கு முன்பே போட்டுவிட்டேன்.

சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஒருத்தி கேட்டாள், செங்கல்பட்டில் எந்தத் தெரு என்று. இந்தக் கேள்வியை எதற்குக் கேட்பார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் மறைக்கவில்லை. தெருவைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அப்படியா? பார்த்தா தெரியலையே" என்றாள். பாராட்டுகிற மாதிரி சொன்னாள். என் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடக்கூடச் செய்தாள். அன்று முதல் நான் அந்த ஒரு வார்த்தையில்தான் பிழைக்கிறேன் ரூத். பார்த்தால் தெரியவில்லை. அதன் பிறகு தெருவை யாரிடமும் சொல்லவில்லை. நேட்டிவ் சென்னை என்றேன். கூடப் பிறந்தவர்கள் இல்லை என்றேன்.

நம் வீட்டிலும் அதுதானே நடந்தது? வெயிலில் போனால் நான் கறுத்துவிடுவேன் என்று அம்மா என்னை வீட்டுக்குள் வைத்தாள். குழாயடிக்கு உன்னை அனுப்பினாள். தெருவே என்னை வெள்ளச்சி என்று கூப்பிட்டது. அதை நீ சலுகை என்பாய். நான் எங்கேயோ போய்ப் பிழைத்துக்கொள்வேன் என்று பொத்தி வளர்த்தார்கள். போனேன். போன இடத்தில் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

உன் படத்தைப் பார்த்து ஒருத்தி 'தங்கச்சியா' என்று கேட்டதும் எனக்கு உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் இல்லை.

உனக்கு ஒரு வழி யோசித்திருக்கிறேன். கோபப்படாமல் படி. ஷோரூம் திறப்புக்கு மாமல்லபுரத்தில் ஒரு வீடியோ எடுக்கிறார்கள். சாதாரணப் பெண் ஒருத்தியை எடுத்து, வசந்தத்துக்கான உடை, தலைமுடி, முகம் எல்லாவற்றையும் மாற்றிக் காட்டுவது. பாலாவிடம் உன்னைப் பற்றிப் பேசிவிட்டேன். நீ வந்து நின்றால் கவுண்டர் வேலையை வாங்கித் தருகிறேன் என்கிறார். அப்புறம் உன்னை யாரும் பிஃபோர் என்று சொல்ல முடியாது. ஏப்ரல் ஐந்து, சனிக்கிழமை. வா. நான் அங்கே இருப்பேன். நேரில் பேசலாம்.

ஈஸ்டருக்கு இந்த வருஷம் எனக்குத் துணி எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

ஹெலன்

—

செங்கல்பட்டு
6 ஏப்ரல் 2025

ஹெலன்,

வந்தேன். வேலைக்காக இல்லை, நேரில் பேசலாம் என்று எழுதியிருந்தாயே, அதற்காக.

நீ அகலத் தொப்பியைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாய். பாலா, "இவங்கதானா?" என்று கேட்டார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஆமா சார், என் ஃபாலோயர்."

ஃபாலோயர். ஒரே பாயில் உன் கால் என் மேல் கிடக்கத் தூங்கினவள் நான்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். நீ தனியாகக் கூப்பிட்டுப் பேசுவாய் என்று உட்கார்ந்திருந்தேன். மேக்கப் போட வந்த பெண் பெட்டியைத் திறந்து வரிசையாக டப்பாக்களை என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சேரவில்லை. "இந்த ஷேடு நாங்க எடுத்துட்டு வர்றதில்லமா" என்றாள். கறியில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கொண்டுவந்ததை வைத்தே தொடங்கினாள். பாலா வந்து நிறுத்தினார்.

"இரு இரு, இன்னும் பிஃபோர் எடுக்கலையே! ஒரு பக்கம் போட்டுட்டியா? சரி, போட்டது போட்டதா இருக்கட்டும், அந்தப் பக்கம் திரும்பி நில்லுமா. கொஞ்சம் எண்ணெய தடவுங்கப்பா மூஞ்சில. ஆங். சிரிக்காத. சோகமா, டல்லா. வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி."

"எனக்கு அப்டி ஒண்ணும் வெறுத்துப் போவலையே சார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு மட்டும் சிரித்தது, அதையும் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'சார், வேணாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உன்னை மன்னித்திருப்பேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டாய்.

பாதி முகத்தோடு எழுந்து வந்துவிட்டேன். ஒரு கன்னம் வெள்ளை, ஒரு கன்னம் எண்ணெய். பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாமா, பாதில எழுந்து வன்ட்டியா?" என்றார். திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. முதலில் ஒரு பக்கம் வந்து பார்த்தது, அப்புறம் மறுபக்கம் போய்ப் பார்த்தது. கைக்குட்டையால் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வெயிலில் அந்தப் பூச்சு உருகிக் கழுத்தில் இறங்கியது. எங்கள் மேஜைக்கு வருகிற காலர்களின் அதே வாடை. இப்போது அது என் மேல்.

அம்மா கதவைத் திறந்ததும், "இன்னாடி இது மூஞ்சி? பாதி செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது?" என்றாள். உன்னைப் பார்க்கப் போனேன் என்றேன். "அவ எப்டிகிறா? துணி எட்த்து வெச்சிகிறன்னு சொன்னியா?" என்றாள். நீ வேண்டாம் என்று எழுதியதை நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டாள். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. ஏசுபாதம் அண்ணன் உன் அளவு பழையதுதானே என்று கேட்டு அனுப்பினார். பழையதுதான் என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். 'பார்த்தா தெரியலையே' என்று அவள் சொன்னபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு உன் மேல் வருவது கால்வாசி. ஆனால் நீ செய்ததைப் பார். என் முகம் உன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தாய். மறைக்கவும் முடியவில்லை. அதனால் என் முகத்தை உன் பழைய முகம் என்று சொல்லிவிட்டாய். கழற்றிப் போட்ட சட்டை மாதிரி. உயிரோடு இருக்கிறவள் நான். உனக்கு முன்னால் இருந்தவள் இல்லை.

ஈஸ்டருக்கு வா. நீலத்தைப் போட்டுக்கொண்டு சர்ச் வாசலில் என் பக்கத்தில் நில். எப்போதும் எடுக்கிற மாதிரி ஒரு படம். அதை உன் பக்கத்தில் போடு, நடுவில் கோடு இல்லாமல். கீழே ஹெலன், ரூத் என்று மட்டும் எழுது. தெருவை எழுத வேண்டாம். அதை நான் கேட்கவில்லை.

ரூத்

—

கோவளம்
15 ஏப்ரல் 2025

ரூத்,

என்னால் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் திறப்பு. உண்மை அதுதான், ஆனால் திறப்பு இல்லாவிட்டாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை.

அன்று நீ எழுந்து போன பிறகு பாலா, "உங்க ஃபாலோயருக்கு ரொம்பத் திமிரு" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மீதி வீடியோவை முடித்தேன். வேறொரு பெண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். அவளுக்கும் எண்ணெய் தடவினார்கள்.

வசந்தம் முடிகிறது. மாத முடிவில் பஸ் ஸ்டாண்டு பேனரைக் கழற்றிவிடுவார்கள், சீட்டும் மாறும், கேட்டுவிட்டேன். நீ முதலில் கேட்டது அதுதானே? அது நடக்கப் போகிறது. இத்தோடு விடேன். எனக்கு மூச்சு விட இடம் கொடு.

நீலத் துணியைத் தபாலில் அனுப்பச் சொல். வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன். சத்தியமாகப் போட்டுக்கொள்வேன்.

ஹெலன்

—

செங்கல்பட்டு
11 மே 2025

ஹெலன்,

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனை முடிந்து வாசலில் நான் மட்டும் நின்றேன். படம் எடுக்க வந்தவர், "இன்னொருத்தி எங்க?" என்று கேட்டார். போதகரின் மனைவி, உன் சீட்டை எங்கேயோ பார்த்திருக்கிறார், அம்மாவைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "விடுங்க எல்லம்மா, இப்டி பிஃபோர்னு போட்டா எந்தப் பொண்ணுக்குத்தான் மனசு தாங்கும்?" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் புரிய வைத்தார். நல்லவர்தான்.

வீட்டுக்கு வந்து அம்மா காலண்டர் பக்கத்தில் இருந்த சீட்டைப் பிய்த்தாள். என்னிடம் நீட்டி, "எது முன்ன, எது பின்ன?" என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவள வூட்டுக்குள்ள வெச்சது நான்தானே" என்றாள். மறுநாள் உன் நீல உடையை இஸ்திரி போட்டு, மடித்து, என்னை முகவரி எழுதச் சொன்னாள். எழுதினேன். போட்டுக்கொள்வேன் என்று சத்தியம் செய்திருந்தாயே.

போட்டுக்கொண்டாய். நேற்று ஷரீபுன்னிசா காட்டினாள். கோவளத்துக் கடற்கரையில் நீலத்தில் நிற்கிறாய். அகலத் தொப்பி, முத்துக் கம்மல். 'சம்மருக்கு என் முதல் ஃபேவரிட்! சென்னைல ஒரு சின்ன டிசைனர் எனக்காகவே பண்ணது, இந்த மாதிரி இன்னொரு பீஸ் எங்கயும் கிடையாது.'

அந்த இன்னொரு பீஸை நான் அப்போது போட்டிருந்தேன். மேல்கோட்டுக்குள்ளே. காலர் வெளியே தெரிந்தது. ஷரீபுன்னிசா ஃபோனைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். "ஏ ரூத்து" என்று ஆரம்பித்தாள். அப்புறம் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பிஃபோர் என்று அவள் ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை.

பேனரைக் கழற்றிவிட்டார்கள். நீ சொன்ன மாதிரியே சீட்டும் மாறிவிட்டது. நான் கேட்டது நடந்துவிட்டது, யாரும் எனக்காகச் செய்யாமலே. கழற்றிய பேனரை பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பூவாயி அக்கா வாங்கிக் கடைக்கு மேல் கட்டியிருக்கிறார். உன் பக்கம் உள்ளே மடிந்துவிட்டது. என் முகம்தான் வெயிலைத் தாங்குகிறது. அதன் கீழே அந்த வார்த்தையும் அப்படியே இருக்கிறது.

இனி எடுக்கச் சொல்ல மாட்டேன். வா என்றும் கூப்பிட மாட்டேன். உன் பக்கத்தில் வந்து பேசச் சொல்லவும் மாட்டேன். பழைய சீட்டில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். 'முன்பு' என்பதை அடித்துவிட்டுக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறேன். இடது பக்கம் நிற்பவள் யார் என்று அந்தக் கோட்டின் மேல் உன் கையால் எழுது. அவள் பெயரையும் அவள் உனக்கு என்ன உறவு என்பதையும். யாருக்கும் காட்ட மாட்டேன். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும். தபால்தலை ஒட்டி, நம் வீட்டு முகவரி எழுதிய உறையும் உள்ளே இருக்கிறது. நீ தெருப் பெயரைக்கூட எழுத வேண்டாம், நானே எழுதிவிட்டேன்.

ரூத்

—

செங்கல்பட்டு
15 ஜூன் 2025

ஹெலன்,

உறை வரவில்லை. அம்மா தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

அவள் தோளில் நாலு விரல் இருக்கிறது. அவள் யார் என்று எழுது.

ரூத்